படுவான்கரையில் புகை பார்த்த காலம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது சாய்கிற பக்கம் படுவான்கரை. அதிலும் உள்ளே, வவுணதீவையும் ஆயித்தியமலையையும் தாண்டிப் போனால், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் உன்னிச்சைக் குளம். இந்தப் பக்கத்துப் பழைய கதையை எழுதுகிறவர்கள் குளத்தை எழுதுகிறார்கள், கூத்தை எழுதுகிறார்கள், கொக்கட்டிச்சோலைக் கோயிலை எழுதுகிறார்கள், 1978 சூறாவளியையும் யுத்தத்தையும் எழுதுகிறார்கள். இந்த மண்ணில் எஞ்சின் திருத்திப் பிழைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. அந்தத் தொழிலில் வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன். அதிலும் ஒரேயொரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினுக்குள் காற்றும் எண்ணெயும் சரியான அளவில் கலக்கிறதா என்பதை எங்கள் ஆட்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இன்றைக்கு அதைச் சொல்ல ஒக்சிஜன் சென்சர் இருக்கிறது. சைலன்சர் குழாயில் திருகி வைத்த ஒரு சின்னச் சாமான். அது சொல்வதைக் கேட்டுக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஏதும் பிழைத்தால் செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரைக் கொழுவினால் பி0171 என்றோ பி0135 என்றோ ஒரு கோட் வரும். இருபது வயதுப் பெடியன் ஒருவன் போனிலேயே அதை வாசித்துவிடுகிறான். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தச் சென்சர் வருவதற்கு முன்பே அதன் வேலையை மனிதர்கள் செய்தார்கள். கண்ணாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் செய்தார்கள். அந்தப் படிப்பை எங்களுக்குத் தந்தது மண்ணெண்ணெய்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. நகரம் இராணுவத்தின் கையில், படுவான்கரை புலிகள் இயக்கத்தின் கையில் என்று வாவி நடுவே கோடு விழுந்தது. பெற்றோல், பற்றரி, பசளை எதுவும் நினைத்தபடி வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வராது. உழவு இயந்திரங்களுக்கு டீசல் வேண்டும். அது தனிப் போராட்டம். மோட்டார் சைக்கிள்களுக்கு வேண்டியது பெற்றோல். அது ஒரு போத்தல் கிடைத்தாலும் தங்கம். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்தான் ஓரளவு கைக்கு எட்டியது. வடக்கில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை பலருக்குத் தெரியும். படுவான்கரையில் ஓடியது ஹொண்டா எம்டி 90. சிவப்பு நிறம், யப்பானில் தபால்காரர் ஓடிய மோட்டார் சைக்கிள், இங்கே வந்து நெல்மூட்டை சுமந்தது.

மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டுவது லேசான வேலை இல்லை. பெற்றோல் குளிர்ந்த காற்றிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது. ஆவியாகாத எண்ணெய் எரியாது. அதனால் முதலில் எஞ்சினைப் பெற்றோலில் சூடாக்க வேண்டும். சின்னத் துவாரம் உள்ள பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் இருக்கும். எயார் கிளீனர் பைப்பைக் கழற்றி, காபரேட்டரின் வாய்க்குள் சில துளிகள் பீச்சி, உதைத்துக் கிளப்புவார்கள். நிற்கப் பார்க்கும், இன்னும் இரண்டு துளி. சிலிண்டர் ஹெட்டில் விரலை வைக்க முடியாத சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நிற்பாட்டக்கூடாது. கடையில் சாமான் வாங்கும்போதும், ஆளோடு நின்று கதைக்கும்போதும் சைக்கிள் ஓடிக்கொண்டே நிற்கும்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணம், அழுத்தம் தாங்காது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் டக் டக்கென்று அடிக்கும். அதைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கட் போட்டு அழுத்தத்தை இறக்குவார்கள், பொறி விழும் நேரத்தைப் பிந்த வைப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும். கூடியது ஒயில் இல்லை என்பதை முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பல நல்ல எஞ்சின்கள் அப்படித்தான் தேய்ந்து போயின.

இது எங்கள் ஆட்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் வந்த சாம்பல் நிற ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் டிஈடி 20 என்ற வகை, பெற்றோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய மலிவான எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அவர்களுக்கு அதற்கென்று அமைத்த மனிபோல்ட் இருந்தது, விளக்கப் புத்தகம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு போத்தலும் ஒரு குறடும் இருந்தன. அதே விஞ்ஞானத்தை அவர்கள் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டார்கள். அவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எனக்குத் தொழில் பழக்கியவர் என் தாய்மாமன். சைக்கிள் ஒன்று வந்து நின்றால், வந்தவர் குறை சொல்லி முடிப்பதற்குள் மாமா சைலன்சருக்குப் பின்னால் போய்விடுவார். புகை வெள்ளையாகக் கண்ணை எரித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகாமல் வெளியே வருகிறது, ஹெட் சூடு போதாது. கறுப்பாக வந்தால் எண்ணெய் கூட, காற்றுக் குறைவு. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. உள்ளங்கையைச் சைலன்சர் வாய்க்கு நேரே பிடிப்பார். கை ஈரமானால் ஒரு கதை, கரி ஒட்டினால் இன்னொரு கதை. கடதாசித் துண்டு ஒன்றை அங்கே தொங்கவிட்டுப் பார்ப்பார். கடதாசி வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தால் நல்லது. இடைக்கிடை உள்ளே இழுபட்டால் எக்சோஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பிளக்கைக் கழற்றுவார். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி இளம் மண்ணிறத்தில் இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் எண்ணெய் அதிகம். நனைந்திருந்தால் பொறி விழவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. “புகையையும் பார், பிளக்கையும் பார். ரெண்டும் ஒண்டைச் சொன்னா மட்டும் சாவியைத் தொடு மனே” என்பார். அந்த இரண்டு சாட்சிக் கணக்கு பின்னாளில் கோட் வாசிக்கும்போது எனக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நாங்கள் இப்படிப் புகை பார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் உலகம் வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்துக்கு வாகனங்கள்தான் பெரிய காரணம் என்று 1950களில் ஆராய்ந்து சொன்ன பிறகு, கலிபோர்னியா மாநிலம் வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு போடத் தொடங்கியது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வேட்டர் வந்தது. ஆனால் மூன்று விதமான நச்சையும் ஒன்றாக அகற்றும் கன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்ய, கலவை துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு கிலோ பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று. அந்த அளவை ஓடும் எஞ்சினில் நொடிக்கு நொடி காபரேட்டரால் காக்க முடியாது. அதற்காகத்தான் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் இந்தச் சென்சரைச் செய்தது. 1976இல் அது முதன்முதலாக வொல்வோ 240 வரிசைக் கார்களில், அமெரிக்கச் சந்தைக்காக ஏறியது.

அதன் உள்ளே இருப்பது சேர்க்கோனியா என்ற பீங்கான். சுண்டுவிரல் நுனியளவு குப்பி. குப்பியின் உட்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் புகை. இரண்டு பக்கத்து ஒட்சிசனுக்கும் வித்தியாசம் இருந்தால், சூடான பீங்கானுக்குள்ளால் ஒட்சிசன் அயன்கள் நகர்ந்து மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஒட்சிசன் இல்லாவிட்டால், அதாவது பெற்றோல் கூட என்றால், 0.8, 0.9 வோல்ற். ஒட்சிசன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ற் அளவில் விழும். நல்ல சென்சர் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அது பேசும். சீக்கிரம் சூடாகட்டும் என்று பின்னாளில் உள்ளே ஒரு ஹீட்டரும் வைத்தார்கள். இந்த மின்னழுத்தத்துக்கான கணக்கை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே போட்டு வைத்தவர் வால்தர் நேர்ன்ஸ்ற் என்ற விஞ்ஞானி. இதே இனப் பீங்கானில் 1897இல் அவர் ஒரு மின்விளக்கும் செய்திருந்தார்.

1980களில் கலிபோர்னியா, வாகனம் தன் பழுதைத் தானே சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. 1996இல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே மாதிரிச் சொக்கெற், ஒரே மாதிரிக் கோட் என்று ஓபிடி 2 கட்டாயமானது. அந்த 1996இல் உன்னிச்சையில் நாங்கள் காபரேட்டருக்குள் பெற்றோல் துளி பீச்சிக்கொண்டிருந்தோம்.

எங்கள் நாட்டுப் பெற்றோலில் அப்போது ஈயமும் இருந்தது. ஈயம் கலந்த பெற்றோல் இந்தச் சென்சரின் மேற்பரப்பை மூடிக் கொன்றுவிடும், கன்வேட்டரையும் கெடுத்துவிடும். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. அதே வருடம் பெப்ரவரியில்தான் போர்நிறுத்த ஒப்பந்தம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முடிவுகள். ஆனால் எங்கள் தொழிலுக்கு இரண்டும் சேர்ந்தே கதவைத் திறந்தன. சோதனைச் சாவடி தாண்டிப் பெற்றோல் வந்தது, அந்தப் பெற்றோலில் சென்சர் உயிரோடு இருக்க முடிந்தது.

சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் கெப் வாகனங்கள் வந்தன. பெரும்பாலும் டீசல், எங்களுக்குச் சென்சர் வேலை இல்லை. 2007இல் மறுபடி சண்டை, இடம்பெயர்வு, திரும்பி வருதல். அதன் பிறகுதான் மத்திய கிழக்கில் உழைத்த காசிலும் லீசிங்கிலும் பெற்றோல் வேன்களும் கார்களும் படுவான்கரைக்குள் வந்தன. 2014இல் யப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றி வாவி கடந்த காலம் அங்கே முடிந்தது. வந்த வாகனங்களில் பல, யப்பானில் ஓடிக் கழித்தவை.

பழைய டொயோட்டாக்களுக்கு ஸ்கேனர் தேவைப்படவில்லை. பொனற்றைத் திறந்தால் மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. மூடியின் உள்ளே எழுத்துகள். டிஈ1, ஈ1 என்ற இரண்டு துவாரத்தையும் கடதாசிக் கிளிப்பால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், செக் எஞ்சின் லைட் மினுங்கிப் பேசும். இரண்டு மினுக்கம், சின்ன இடைவெளி, ஒரு மினுக்கம். அது 21, ஒக்சிஜன் சென்சர். 25 என்றால் பெற்றோல் குறைவு, 26 என்றால் கூட. லைட்டின் மினுக்கத்தை எண்ணி முதல் தரம் 21 என்று கொப்பியில் எழுதியபோது, எஞ்சினே வாய் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. பிறகு ஸ்கேனர் வந்தது. யப்பான் உள்நாட்டுக்குச் செய்த வாகனங்களில் பல, அமெரிக்க ஓபிடி 2 மொழியை முழுதாகப் பேசுவதில்லை. சொக்கெற் ஒன்றுபோல இருக்கும், மலிவான கருவியைக் கொழுவினால் பதில் வராது. அதனால் வாகனம் ஊமை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கோட் வாசிக்கத் தெரிந்தவர்கள் கூடக் கூட, பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். பி0171 என்றால் கலவையில் காற்றுக் கூட என்று கம்பியூட்டர் நினைக்கிறது, அவ்வளவுதான். சென்சர் பழுது என்று அந்தக் கோட் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கோட்டில் சென்சரின் வாடை அடித்தால் போதும், சென்சரை மாற்றிவிடுகிறார்கள்.

ஆயித்தியமலைப் பக்கத்து வயற்காரர் ஒருவரின் விற்ஸ் கார் என்னிடம் வந்தது. பெற்றோல் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது. லைட் எரிகிறது. கோட் பி0171. வேறொரு இடத்தில் அதற்குள் புதுச் சென்சர் போட்டாகிவிட்டது. காசும் போய் லைட்டும் எரிகிறது. “தம்பி, சாமான் புதுசு, வருத்தம் பழசு” என்றார். நான் ஸ்கேனரை மூடி வைத்துவிட்டுப் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கிலும் காய்ந்த கரி. கோட் பெற்றோல் குறைவு என்கிறது, பிளக் பெற்றோல் கூட என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் ஒன்று ஏமாந்திருக்கிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, எக்சோஸ்ட் மனிபோல்ட்டைச் சுற்றிக் காது கொடுத்தேன். சின்ன டிக் டிக் சத்தம். சென்சருக்கு முன்னாலுள்ள கஸ்கட்டில் மயிரிழை வெடிப்பு, அந்த இடத்தில் கரிக்கோடு.

நடந்தது இதுதான். புகை துடித்துத் துடித்து வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சர் அந்த ஒட்சிசனைக் கண்டு, கலவையில் காற்று அதிகம் என்று உண்மையாகவே சொல்கிறது. கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. சென்சர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது ஒட்சிசன் ஒன்றுதான். பெற்றோலை அது முகர்வதில்லை. ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டாலும் இதே கதைதான். பெற்றோலும் எரியாது, ஒட்சிசனும் செலவாகாது. செலவாகாத ஒட்சிசனைப் பார்த்துவிட்டுச் சென்சர் “காற்றுக் கூட” என்று சொல்லும், சைலன்சரில் நின்றால் பச்சைப் பெற்றோல் மணக்கும்.

இதனால் ஸ்கேனரை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுக்கவேண்டாம். அதன் உள்ளே ஓடுகிற எண்கள் மாமாவின் மூக்குக்கும் எட்டாதவை. கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது என்பதைச் சும்மா ஓடவிட்டும் 2500 சுற்றில் வைத்தும் பார்ப்பேன். சும்மா ஓடும்போது அதிகம் கூட்டி, சுற்று ஏற ஏறக் குறைந்தால், இன்டேக் பக்கத்தில் ரப்பர் குழாயோ கஸ்கட்டோ காற்றுக் கசிகிறது. எதிர்மாறாக, சுற்று ஏற ஏறக் கூட்டினால், பெற்றோல் பம்பும் பில்டரும் காற்றளக்கும் சென்சரும் பார்க்க வேண்டியவை. எங்கள் கிரவல் றோட்டுத் தூசியில் இந்தக் கடைசிச் சாமான் அடிக்கடி அழுக்காகிறது. துப்புரவு செய்தாலே பல பி0171 போய்விடும்.

பி0135 வேறு இனம். அது ஹீட்டரின் மின்சுற்று. முதலில் பியூஸ், பிறகு வயர், பிறகு மீற்றரை வைத்து ஹீட்டரின் தடை. மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிய, வயலில் இருந்த எலிகள் இடம் தேடி வாகனங்களுக்குள் ஏறுகின்றன. அந்த மாதங்களில் எனக்கு வரும் ஹீட்டர் கோட்டுகளில் வயர் கடிபட்டவையே அதிகம். மாரியில் வேறு பிரச்சினை. ரோட்டில் வெள்ளம் பாயும்போது சூடான சென்சரோடு தண்ணீருக்குள் இறக்கினால், பீங்கான் வெடிக்கக்கூடும்.

கழற்றிய சென்சரை எறியாமல் நுனியைப் பார்க்கும்படி என்னிடம் பழகும் பெடியன்களிடம் சொல்வேன். கறுப்புக் கரி என்றால் கலவையில் எண்ணெய் கூட. பளபளப்பான வெள்ளைப் பொடி படிந்திருந்தால், யாரோ சென்சருக்கு ஆகாத சிலிக்கன் பசையைக் கஸ்கட்டுக்குப் பூசியிருக்கிறார்கள். அதன் ஆவி எஞ்சினுக்குள் எரிந்து பீங்கானை மூடியிருக்கிறது. மண்ணிறச் சாம்பல் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. இந்தக் காரணங்களைத் திருத்தாமல் புதுச் சென்சர் போட்டால், அதுவும் அதே நிறத்துக்கு வரும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் திரும்பி வந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். மண்ணெண்ணெய் அப்போது 87 ரூபாய், அதுவும் வரிசையில். ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெயை 340 ரூபாய்க்கு ஏற்றும்வரை, அந்த இடைவெளி கலப்படத்துக்குக் கூப்பிட்டது. கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டில் கிடைத்த பெற்றோல் போதாதவர்கள் தாங்களே கலந்தார்கள். கறுப்புச் சந்தையில் வாங்கியவர்களுக்குக் கலந்தே வந்தது. வாகனம் தடுமாறி வரும், பிளக்கில் கரி, பொறி விடுபட்ட கோட்டும் சென்சர் கோட்டும் ஒன்றாக. இளம் மெக்கானிக்மார் எலெக்ரோனிக் பழுது தேடினார்கள். என் வயதுக்காரர்கள் சைலன்சரடியில் ஒரு தரம் மூச்சு இழுத்தார்கள், போதும். 1990களில் கண் எரிந்த அதே புகை. தாங்கியைக் கழுவி, நல்ல பெற்றோல் ஊற்றி, பிளக் மாற்றி ஓடவிட்டால் பல சென்சர்கள் தாங்களே கரியை எரித்துத் திரும்ப உயிர் பெற்றன.

அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நின்றிருந்தது. ஐந்து வருடம் புது வாகனம் வராததால் இருந்தவை கிழடாகின. புதுச் சென்சர் விலை ஏற, உடைத்த வாகனத்தில் கழற்றியவை சந்தைக்கு வந்தன. இங்கேதான் கவனம் தேவை. பல டொயோட்டாக்களில் முன்னால் இருப்பது பழைய வகைச் சென்சர் இல்லை, காற்று–எரிபொருள் விகிதத்தையே மின்னோட்டமாக அளக்கிற வேறு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. நான்கு வயரும் ஒன்றுபோல. மாற்றிப் பொருத்தினால் எந்தக் காலத்திலும் கோட் போகாது. இன்னொரு பக்கம், உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காகக் கன்வேட்டரை வெட்டி விற்றுவிட்டு, கன்வேட்டர் வேலை செய்யவில்லை என்று பி0420 வரும்போது, அதன் பின்னாலுள்ள சென்சருக்குக் கட்டை வைத்து லைட்டை அணைக்கச் சொல்லி வருகிறார்கள். நான் செய்வதில்லை. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய புகைப் பரிசோதனை இங்கும் வந்துவிட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அதைவிட, அந்தப் புகையைச் சுவாசிப்பது உன்னிச்சையில் சந்திக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும் எங்கள் பிள்ளைகள்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. ஹைபிரிட் கார்களும் இப்போது படுவான்கரைக்குள் ஓடுகின்றன. அவற்றில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால், சென்சரைச் சூடாக வைத்திருக்கும் வேலை முழுவதும் ஹீட்டரின் தலையில். மாமா இப்போது பெரிதாக வெளியே வருவதில்லை. போன மாசியில் அப்படிக் கார் ஒன்று பி0135 சொல்லிக்கொண்டு வந்தபோது, வாங்கில் இருந்தபடியே, “வெட்டு முடிஞ்சுதா?” என்று கேட்டார். பெடியன் ஸ்கேனரை வைத்துவிட்டு ரோர்ச்சை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போனான். வயர் கடிபட்டிருந்தது.